மூன்றாம் அடியின் தாமதம்

அந்தப் பெட்டிக்குச் சொந்தக் குரல் கிடையாது என்பது, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து வயரையெல்லாம் சொருகிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோயமுத்தூரில் ஒரு கச்சேரிக்காரர் பல வருஷம் வைத்திருந்து கைமாற்றிவிட்டது. சாம்பல் நிறம், சாப்பாட்டுத் தட்டு அகலம், இரண்டே இரண்டு வரி காட்டும் சின்னத் திரை, வரிசையாகப் பட்டன்கள். சீக்வென்சர் என்பார்கள். பட்டனை அழுத்தினேன். திரையில் எண்கள் ஓடின. ஒரு சத்தமும் வரவில்லை. இன்னும் நாலு பட்டனை அழுத்தினேன். எண்கள் வேறு பக்கம் ஓடின.

"ஏம்புள்ள, ஊமைப் பெட்டியையா ஊட்டுக்குத் தூக்கியாந்திருக்கற?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு இந்த மாதிரிச் சந்தர்ப்பங்கள் என்றால் டீயும் பிஸ்கட்டும் மாதிரி.

குன்னூரில் தேயிலை வியாபார அலுவலகம் ஒன்றில் நான் கிளார்க். லீவு நாட்களில் ஒரு சின்ன இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பேன். குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாட இரண்டு பேர், நான், குச்சியால் அடிக்கிற எலக்ட்ரானிக் டிரம்மான ரிதம் பேடு வாசிக்கும் ஓர் அண்ணா, அவ்வளவுதான். கல்யாண வரவேற்பு, எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழா, யாராவது ரிடையர்டு ஆனால் பிரிவு உபசாரம். பேஸ் கிதார் வாசித்தவர் திருப்பூரில் வேலை கிடைத்துக் கீழே இறங்கிவிட்டார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தப் பெட்டி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த விரல்கள் என்னுடையவை. வேகம் உண்டு, பொறுமை கிடையாது. அலுவலகத்திலும் என்னை அப்படித்தான் சொல்வார்கள்.

மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகு விஷயம் பிடிபட்டது. இந்தப் பெட்டி சத்தத்தைப் பிடித்து வைப்பதில்லை. எந்தக் கட்டையை அழுத்தினோம், எப்போது அழுத்தினோம், எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம். இந்த நான்கை மட்டும் எண்களாக எழுதி வைத்துக்கொள்கிறது. பிறகு அந்தக் குறிப்பை வயர் வழியாகக் கீபோர்டுக்கு அனுப்புகிறது. கீபோர்டு அதைப் படித்து வாசிக்கிறது. கட்டைகள் அசையாமல் கிடக்க, நான் நேற்று வாசித்தது இன்று வருகிறது. முதல்முறை அது வந்தபோது நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெய்யாகவே பயமாக இருந்தது.

குறிப்பு எழுத இரண்டு வழி. ஒன்று, பெட்டி தாளம் தட்டத் தட்டக் கூடவே வாசிப்பது. இன்னொன்று ஸ்டெப். அதில் தாளமே கிடையாது. ஒரு ஸ்வரத்தை அழுத்துகிறோம். பெட்டி அதை ஒரு கட்டத்தில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டத்தில் போய் நிற்கிறது. நாம் எழுந்து போய்ப் பருப்புக்குத் தாளித்துவிட்டு வரலாம். அது அங்கேயே நிற்கும். வந்து அடுத்ததை அழுத்தலாம். கடைசியில் ஓடவிட்டால், ஒரு மத்தியானம் முழுக்க நிறுத்தி நிறுத்திப் போட்டதெல்லாம் மூச்சு விடாமல் ஓடிவருகிறது. நடுவில் நான் குக்கரை இறக்கியதோ, போனில் அம்மாவிடம் சண்டை போட்டதோ அதில் ஒரு தடயமும் இல்லை. ஸ்வரம் வேறு, நேரம் வேறு, இரண்டையும் பிரித்து வைக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. இருபது வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவளுக்கு!

பேடு அண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேடும் குச்சிகளுமாக வந்தார். குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில், டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். பேச்சு முக்கால்வாசி எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம், கால்வாசி அவர் அம்மாவுடையது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பதினொரு வருஷமாக ஒரே மேடையில் வாசித்துக்கொண்டிருந்தோம்.

பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். மிஷின்காரர் இல்லையா, குனிந்து அடிப்பக்கமும் பார்த்தார்.

"இதுக்கு எண்ணெய் எங்க விடறதுங்க, அம்மிணி?"

"எண்ணெய் எனக்கு விடுங்ணா. மூணு நாளா மண்டை காயுது."

பேடை வயரால் பெட்டியோடு இணைத்து, தாளத்தை ஓடவிட்டு, நாற்பது ஆவர்த்தம், அதாவது தாளம் நாற்பது சுற்று வருகிறவரை, வாசிக்கச் சொன்னேன். திருவிழாப் பாட்டுகளுக்கு எப்போதும் வாசிக்கிற நடைதான். வாசித்தார். அப்புறம் நான், கற்றுக்கொண்ட புது வித்தையைக் காட்டுகிற குஷியில், குவாண்டைஸ் என்ற பட்டனை அழுத்தினேன். அங்கே இங்கே விலகி விழுந்த அடிகளையெல்லாம் இழுத்து, கட்டத்துக்கு நேராக நூல் பிடித்தாற்போல் நிறுத்திவிடும் பட்டன் அது. ஓடவிட்டேன். பிசிறே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணா தலையைக் குனிந்தபடி முழுவதும் கேட்டார்.

"யாருங்க வாசிச்சது?"

"நீங்கதானுங்ணா."

"நானில்லீங்க, அம்மிணி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்க கைதானுங்ணா. மிஷின் பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லலீங்க. திருத்திப் போட்டிருக்குது."

இருக்கட்டும், உங்கள் அடி எங்கெங்கே தப்பியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள் என்று, திருத்தியதை ரத்து செய்துவிட்டுக் குறிப்புப் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி. பெட்டி தாளத்தின் ஒரு தட்டைத் தொண்ணூற்றாறு துணுக்காக வெட்டுகிறது. ஒரு துணுக்குக்கு டிக் என்று பெயர். கண்ணிமைக்கிற நேரத்துக்குள் நாற்பது டிக் ஓடிவிடும். முதல் ஆவர்த்தத்தைப் பார்த்தேன். மூன்றாவது அடி ஐந்து டிக் தாமதம். "பாத்தீங்களா?" என்றேன். இரண்டாவது ஆவர்த்தம். மூன்றாவது அடி ஐந்து டிக் தாமதம். அடுத்ததும் ஐந்து. பட்டனை அழுத்திக்கொண்டே போனேன். ஐந்து, ஐந்து, ஐந்து, ஒரு இடத்தில் ஆறு, மறுபடி ஐந்து. மற்ற அடிகள் ஒன்று இரண்டு டிக் முன்னே பின்னே இருந்தன. மூன்றாவது மட்டும் நாற்பது ஆவர்த்தத்திலும் அதே இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

தப்பைக் காட்டத் திறந்த பட்டியல். ஒரு மனிதர், குச்சியை வீசி அடித்து, கண்ணால் பார்க்க முடியாத அளவு நேரத்தை அளந்து வைத்திருக்கிறார். அதுவும் அளக்கிறோம் என்றே தெரியாமல்.

"எப்படிங்ணா?"

அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். "மூணாவது கொஞ்சம் சாஞ்சுதானுங்க உக்காரணும். நேரா நின்னா ஆடறவங்களுக்குக் கால் வராது."

அன்றிலிருந்து அந்தக் குவாண்டைஸ் பட்டன் பக்கம் நான் போகவில்லை. அண்ணாவோ பட்டியலில் விழுந்துவிட்டார். ஃபேக்டரியில் நாள் முழுக்க மீட்டரும் கேஜும் பார்க்கிறவர். தன் கைக்கே ஒரு மீட்டர் கிடைத்ததும் விடுவாரா? ஞாயிறு தவறாமல் வந்தார். அடித்துவிட்டு, திரையைப் பார்க்காமலே, "இது எழுவது இருக்கும்" என்பார். அடியின் பலத்துக்கு ஒன்றிலிருந்து நூற்றிருபத்தேழு வரை எண் உண்டு. பார்த்தால் எழுபத்திரண்டு இருக்கும். "இது நூறு." தொண்ணூற்றொன்பது. ஐப்பசிக்குள் ஒன்றிரண்டுக்கு மேல் தப்புவதில்லை. நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைதட்டுவேன். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ரெண்டு பேரும் லாட்டரிச் சீட்டு எடுக்கலாம்" என்பார்.

ஐப்பசி மழை பிடித்தது. பட்டியலில் ரெட்டை அடிகள் வர ஆரம்பித்தன.

அவர் ஒருமுறைதான் அடித்திருப்பார். பட்டியலில் இரண்டு வரி இருக்கும். முதலில் சரியான அடி, மூன்று நாலு டிக் தள்ளி இன்னொரு குட்டி அடி. முதல் ஞாயிறு ஏழெட்டு இருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி அழித்தேன். அடுத்த வாரம் முப்பது.

எங்கள் ஊரில் எது கெட்டுப்போனாலும் பழி பனிமேல்தான். டிவி மங்கலா, பனி. ரேடியோ கரகரக்கிறதா, பனி. முழங்கால் வலியா, அதுவும் பனி. கேமரா, கீபோர்டு, துணிமணி எல்லாவற்றுக்கும் அலமாரிக்குள் ஒரு பல்பு எரியவிட்டு வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே எங்கள் இருவருக்கும் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகமில்லை. பேடுக்குள் ஈரம் இறங்கிவிட்டது.

நான் பேடைப் பல்பு அலமாரியில் ஒரு வாரம் வைத்தேன். ரெட்டை அடி நிற்கவில்லை. வயரை மாற்றினேன். நிற்கவில்லை. பிறகு அண்ணா அதை ஃபேக்டரிக்கே எடுத்துப்போனார். தேயிலை காய்கிற டிரையர் பக்கம் எப்போதும் கதகதவென்று இருக்கும். அங்கே ஒரு கம்பளியில் சுற்றி மூன்று நாள் வைத்திருந்தார். பேடு திரும்பி வந்தபோது அதன்மேல் புதுத் தூளின் வாசனை வீசியது. அந்த ஞாயிறு அறுபத்து நாலு ரெட்டை அடி.

"பேடை எங்கதானுங்ணா போட்டு வெக்கறீங்க? கழுவற தொட்டி பக்கமா?" என்று சத்தம் போட்டேன். ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து அழிக்கிறவள் நான்தானே என்கிற எரிச்சல்.

"மன்னிச்சுக்குங்க அம்மிணி. இனி கட்டில்மேல வெக்கறேன்" என்றார்.

பனிக்காக ஒரு மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

தை பிறந்ததும் வானம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. சுள்ளென்று வெயில், அரைநாளில் துணி காய்ந்தது, சுவரெல்லாம் காய்ந்தது. ரெட்டை அடி மட்டும் காயவில்லை. இப்போது பழியைக் குளிர்மேல் போட்டோம். டீ டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "விரலு விறைச்சுப் போச்சுங்க, அதான்" என்பார் அண்ணா. தை மாசத்துக் காலையில் குன்னூரில் யார் கைதான் நடுங்காது? என் கையும் நடுங்கியது.

ஒரு சனிக்கிழமை, பேடு என் வீட்டில் இருந்தது. இதற்கொரு முடிவு கட்டிவிடலாம், ரெட்டை அடியைப் பட்டியலோடு காட்டினால் பழுது பார்க்கிறவன் தட்டிக்கழிக்க முடியாது என்று நினைத்துப் பெட்டியை ஓடவிட்டேன். அண்ணாவின் குச்சியை எடுத்து நானே அடித்தேன். சலிக்கிறவரை அடித்தேன். பட்டியலைத் திறந்தேன். ஒரு ரெட்டைகூட இல்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கையில் குச்சியைக் கொடுத்தேன். அவர் ஆணி அடிப்பதுபோல் அடித்தார். ஒன்றுமில்லை.

"அப்ப பேடு நல்லாத்தான இருக்குது?" என்றவர், சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தார். நான் குச்சியை வாங்கி வைத்தேன்.

மறுநாள் அண்ணா வந்தார். வாசித்தார். நூற்றுக்குமேல் ரெட்டை அடி. திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "இன்னிக்குக் கம்மிதானுங்ணா, குளிரு கொறஞ்சிருச்சல்ல" என்றேன். அடுத்த ஞாயிறும் அப்படியே சொன்னேன். எதற்கெடுத்தாலும் பட்டென்று பேசுகிறவள் என்று பெயர் வாங்கிய எனக்கு அந்த ஒரு விஷயத்துக்கு வாய் வரவில்லை. சித்திரையில் அவர்கள் எஸ்டேட் மாரியம்மனுக்குத் திருவிழா. ஓடையில் கரகம் ஜோடித்துக் கோயிலுக்குக் கொண்டுவந்து இறக்கியதும், உச்சி வெயிலில், அண்ணா தனியாகப் பத்து நிமிஷம் வாசிப்பார். பாட்டு கிடையாது, நான் கிடையாது, பேடு மட்டும். லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடுகளின் பெண்கள் அதற்குத்தான் வட்டம் கட்டிக் கும்மி அடிப்பார்கள். பேடு வருவதற்கு முன்னால் தோல் டிரம்மில் வாசித்தார். பத்தொன்பது வயதிலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை. பெண்டாட்டிக்குப் பிரசவம் ஆன வருஷம்கூட ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்து வாசித்தவர். அந்தப் பத்து நிமிஷத்தை அவரிடமிருந்து எடுக்கிற வார்த்தையை நான் ஏன் சொல்ல வேண்டும்?

மூன்றாவது ஞாயிறு நான் டீ போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்தி அழுத்தி எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, எட்டாவது டிராக்குல நீங்க தட்டிப் பாத்திருக்கீங்க."

அன்று அடித்ததை அழிக்க மறந்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் அவர் அடிகளை உட்கார்ந்து உட்கார்ந்து அழித்தவள், என்னுடையதை அழிக்கவில்லை.

"ஒண்ணுகூட ரெட்டையா விழலீங்க" என்றார். திரையைப் பார்த்துக்கொண்டே லேசாகச் சிரித்தார். "எல்லாம் நூத்திப்பத்துக்கு மேல இருக்குது. கோவத்துல அடிச்சிருக்கீங்க."

நான் டம்ளர்களை மேசைமேல் வைத்தேன். அவர் தன் டம்ளரை எடுக்கவில்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஐப்பசி மழைக்கே தொடங்கிருச்சுங்க. நட்டு போடப் போனா மொதல் தடவையில மரை ஏறாது. ஃபேக்டரில குளிருங்கறேன், இங்க வந்து பனிங்கறேன். எனக்கு விளங்காம இல்லீங்க."

மாசியில் கோயமுத்தூரில் நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். நடுக்கம்தான், உயிருக்குப் பயமில்லை, மாத்திரையில் குறையும், ஆனால் வேகமாக வாசிப்பது இனி முன்பு மாதிரி இருக்காது என்று சொல்லிவிட்டாராம். ஸ்பேனர் பிடிக்கலாமாம். அண்ணா இதை என் வீட்டு வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். உள்ளே வரச் சொன்னேன். உள்ளே வந்தால் பேடு கண்ணில் படும் என்பதால் வரவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு அழுகையாக வந்தது. அழுகை வந்தால் எனக்கு வேலை செய்தாக வேண்டும். பெட்டியைப் போட்டேன். அவர் கடைசியாக வாசித்ததில் ரெட்டை அடிகளை நீக்கிவிட்டால் அதையே திருவிழாவுக்கு ஓடவிடலாம் என்பது என் கணக்கு. அடுத்த முறை வந்தபோது போட்டுக் காட்டினேன். அவர் பட்டியலைத் திறந்து மூன்றாவது அடியைக் காட்டினார். ஐந்து, ஒன்பது, இரண்டு, பதினாலு.

"ரெட்டைய அழிச்சுட்டீங்க. இத என்ன பண்ணுவீங்க?"

பிறகு, ஒவ்வொன்றாகப் போடுகிற வழி ஒன்று இருக்கிறதே, நீங்கள் பேஸ் போடுவீர்களே, அதில் இதைப் போட முடியாதா என்று கேட்டார். போடலாம், ஆனால் ஸ்டெப்பில் உங்கள் கை ரெட்டையாக விழுந்தால் பெட்டி இரண்டு கட்டம் தாண்டிவிடும் என்றேன்.

"நீங்க அழுத்துங்க. நான் சொல்றேன்."

பத்து நிமிஷ வாசிப்பு. ஆயிரக்கணக்கான அடி. அத்தனையையும் வாயால் சொல்லப்போகிறாராம். பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டெப் பட்டனை அழுத்தினேன்.

ஞாயிறுகள், புதன்கிழமைகளில் அலுவலகம் விட்டு வந்த பிறகு, எங்கள் முன்னறையில் இதே வேலை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். இல்லாவிட்டால், சொல்லச் சொல்ல அவை அடிக்கப் போய்விடும். "தொண்ணூறு. நாப்பது. நாப்பத்தஞ்சு. அடுத்தது சும்மா விடுங்க. மூணாவது நூத்தி ரெண்டு, அஞ்சு தள்ளுங்க." நான் கட்டையை அழுத்துவேன், பலத்தின் எண்ணை மாற்றுவேன், டிக்கைத் தள்ளுவேன். ஓர் ஆவர்த்தம் முடிய அஞ்சாறு நிமிஷம் ஆகும். ஓடவிட்டால் இரண்டு விநாடி. அஞ்சாறு நிமிஷமாக நான் தடவித் தடவிப் போட்டது அந்த இரண்டு விநாடியில் அவர் கையாக எழுந்து நடந்தது. நடுங்காத கை. எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரித்தது.

ஒருமுறைகூட அவர் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. களைத்துப்போய், இந்த எட்டு ஆவர்த்தம் முன்னால் போட்டதுதானே, அதையே நகல் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "அது கும்மி சூடு புடிக்கறப்ப. இது கொஞ்சம் தணிஞ்சப்புறம். ரெண்டும் ஒண்ணில்லீங்க" என்றார். போட்டுப் பார்த்தால் வேறுதான். நாலு இடத்தில் பலம் குறைவு, ஓர் அடி கூடுதல். இன்னொரு நாள் கைத்தவறுதலாக ஐந்துக்குப் பதில் எட்டு டிக் தள்ளிவிட்டேன். ஓடவிட்டபோது கண்ணைத் திறக்காமலே, "அந்த எடத்துல யாரோ தூங்கறாங்களே" என்றார். போய்ப் பார்த்தேன். எட்டு. மூன்று டிக். அதற்குப் பிறகு, அந்த மனிதர் இத்தனை நாள் கையால்தான் வாசித்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை. கை வெறும் வேலையாள்போல. வாசிப்பு வேறெங்கோ உள்ளே, ஓர் எண் பிசகாமல் முழுசாக இருந்திருக்கிறது. நானும் கும்பிடுகிறவள்தான், கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் எதிரே நாற்காலியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பார்த்துக் கைகூப்பத் தோன்றியது அப்போதுதான்.

முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், "இங்க ஒரு ஆவர்த்தம் ஒண்ணுமே வேண்டாங்க" என்றார்.

"ஒண்ணுமேன்னா?"

"குச்சியத் தூக்கிப் புடிச்சுட்டு நிப்பேன். சனம் பூரா மூச்சப் புடிச்சுட்டு நிக்கும்."

பதினாறு கட்டத்தையும் காலியாக விட்டுத் தாண்டினேன். எண்ணே இல்லாத அந்தப் பதினாறைத்தான் இரண்டுமுறை எண்ணிச் சரிபார்த்தேன்.

திருவிழாவுக்கு முதல்நாள் எனக்கொரு யோசனை வந்தது. பேடின் வயரைக் கழற்றிவிடலாம். அண்ணா எப்போதும்போல் நின்று குச்சியை ஆட்டட்டும். பெட்டி சொல்லச் சொல்லக் கீபோர்டிலிருந்து சத்தம் வரும். யாருக்கும் தெரியாது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"கைய சும்மா ஆட்டச் சொல்றீங்களா?" என்றார். "அதுதான் தானாவே ஆடுதுங்களே, அம்மிணி!" என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பிறகு நானும் சிரித்தேன்.

அன்று நல்ல வெயில். கோயிலுக்கு முன்னால் மேடை, இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர். ஓடையிலிருந்து கரகம் ஏறி வந்தது. மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, கற்பூரம். கரகத்தை இறக்கி வைத்தார்கள். பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு வட்டம் கட்டி நின்றார்கள். எல்லார் கண்ணும் அண்ணாமேல். அவர் மைக்கைப் பிடித்து, "எனக்குக் கை சரியில்லீங்க. இதுக்குள்ள நான் சொல்லி, எங்க அம்மிணி எழுதி வெச்சிருக்காங்க. நீங்க அடிங்க" என்று மட்டும் சொன்னார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவர் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். அழுத்திவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் மட்டும் மேடையில், சும்மா ஓடிக்கொண்டிருக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் ஆவர்த்தத்தில் யாரும் அசையவில்லை. ஆளில்லாத பேடைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போச்சு, அவர் மானமும் என் மானமும் சேர்ந்து போச்சு என்று நினைத்தேன். மூன்றாவது ஆவர்த்தத்திலோ நாலாவதிலோ, வட்டத்தில் இருந்த ஒரு கனத்த அம்மாளின் கால் தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த மூன்றாவது அடியில்தான். பக்கத்தில் நின்றவள் கால் சாய்ந்தது. அப்புறம் கைகள் சேர்ந்து விழுந்தன. வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

அந்தக் காலி ஆவர்த்தம் வந்தது. தூக்கிப் பிடிக்கக் குச்சி இல்லை. சாடை காட்ட யாரும் இல்லை. ஆனாலும் அத்தனை பெண்களும் கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி முந்தவில்லை. அந்த இரண்டு விநாடியும் சாமி முன்னால் எரிந்த கற்பூரம் படபடக்கிற சத்தம்தான் கேட்டது. பிறகு அடி விழுந்தது. கைகள் விழுந்தன. குலவை எழுந்தது. நான் மேடையில் நின்றுகொண்டே அழுதேன், வெட்கமே இல்லாமல்.

முடிந்ததும் அண்ணாவைத் தேடினேன். கூட்டத்துக்கு நடுவில், பெரிய ஸ்பீக்கருக்கு நேரே, சனத்தோடு சனமாக நின்றுகொண்டிருந்தார். அவர்பாட்டுக்கு நின்றார், மேடைக்கு வரவில்லை. நான்தான் இறங்கிப் போனேன். அவர் முகத்தில் துக்கம் இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். இல்லை. முதல்முறை அந்தப் பெட்டி தானாக வாசித்தபோது என் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்தது.

"முன்னாடி நின்னு நான் கேட்டதே இல்லீங்க, அம்மிணி" என்றார். "எப்பவும் ஸ்பீக்கருக்குப் பின்னாடிதான நின்னேன்."

"எப்படிங்ணா இருந்துச்சு?"

ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இத்தன வருசமா நான் இவ்வளவு நல்லாவா வாசிச்சுட்டிருந்தேன்? ஒருத்தர்கூடச் சொல்லலீங்களே."

பதினொரு வருஷம் பக்கத்தில் நின்று வாசித்தவள் நான். நானும் சொன்னதில்லை.